களை விதை நாலு மூட்டை

செடிகளைக் கொல்வதற்குத்தான் சாமியம்மாளுக்குக் கூலி கொடுத்தார்கள். நெய்வேலி டவுன்ஷிப்பில் எந்த பிளாக்கில், எந்த ஆபீசர் பங்களாப் புல்தரையில் ஒரு கோரை தலை நீட்டினாலும் சரி, மறுநாள் காலையில் கான்ட்ராக்ட் பெண்கள் பன்னிரண்டு பேர் வரிசையாகக் குந்திப் பிடுங்க வந்துவிடுவார்கள். அந்த வரிசையில் சாமியம்மாள் ஆறு வருஷமாக இருக்கிறாள். ஆனால் மஸ்டர் நோட்டில் பேரைப் பார்த்தால் அவள் புது ஆள். கான்ட்ராக்ட் எடுக்கிறவர் வருஷா வருஷம் மாறுவார். ஆள் மாறினால் பேர்களையும் புதிதாக எழுதுவார்கள். அப்படி எழுதிவிட்டால் யாரும் பழைய ஆள் ஆக முடியாது. எவ்வளவு யோசித்து வைத்திருக்கிறார்கள் பாருங்கள்!

போன ஐப்பசியில் அவளுக்கு டைபாய்டு வந்து பன்னிரண்டு நாள் படுத்துவிட்டாள். மந்தாரக்குப்பத்து வாடகை வீட்டிலிருந்து தள்ளாடித் தள்ளாடி வேலைக்கு வந்து பார்த்தால், அவள் இடத்தில் முத்தாண்டிக்குப்பத்துப் பெண் ஒருத்தி குந்தியிருக்கிறாள். மேஸ்திரியைக் கெஞ்சிக் கூத்தாடி, இன்னொருத்தி நின்றுபோயிருந்ததால் வரிசைக் கடைசியில் ஓர் இடம் பிடித்தாள். அன்றைக்குத்தான் அவளுக்கு அந்த ஆசை முளைத்தது. பர்மனென்ட் ஆக வேண்டும். பர்மனென்ட் என்றால் குவார்ட்டர்ஸ், கம்பெனி பஸ், ஆஸ்பத்திரி என்று மற்றவர்கள் பெருமூச்சு விடுவார்கள். சாமியம்மாளுக்கு அதெல்லாம் பிற்பாடு. காய்ச்சல் வந்தால் பயமில்லாமல் படுத்துக்கொள்ள வேண்டும், எழுந்து வந்தால் தன் இடம் தனக்காக இருக்க வேண்டும். இவ்வளவுதான் அவள் கேட்டது. இதற்கு ஒரு மலை குறுக்கே வரும் என்று அவள் நினைக்கவில்லை.

மலை என்றால் சாமி கட்டிய மலை இல்லை, மனுஷன் கொட்டிய மலை. நிலக்கரி அடியாழத்தில் கிடக்கிறது. மேலே இருக்கிற மண்ணை எங்கேயாவது கொட்டத்தானே வேண்டும்? கொட்டினார்கள். வெள்ளையும் சிவப்புமாக ஒரு மேடு, பனைமர உயரத்துக்கு எழும்பிவிட்டது. வெயில் காலத்தில் அது சும்மா கிடக்கும். ஐப்பசி மழை பிடித்ததோ இல்லையோ, கரைந்து இறங்கி ஷிப்ட் பஸ் போகிற ரோட்டில் முழங்கால் ஆழம் சேறாக வந்து படுத்துக்கொள்ளும். காலை ஷிப்ட் ஆட்கள் பத்து மணிக்குத்தான் சுரங்கத்துக்குள் இறங்குவார்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் மேலிடத்துக்குத் தூக்கம் கெட்டது.

மேட்டில் பச்சை படர்ந்தால் மண் நிற்கும் என்று யாரோ சொன்னார்கள். உடனே வெளிநாட்டுப் புல்விதை வந்தது. தகர டப்பா, டப்பாவின் மேல் பசுமாடு மேய்கிற படம். தேங்காய் உடைத்து, போட்டோ எடுத்து விதைத்தார்கள். மொட்டை போட்ட தலையில் மயிர் கிளம்புகிற மாதிரி கிளம்பியது. சித்திரை வெயிலில் பழையபடி மொட்டை. அடுத்த வருஷம் இன்னும் விலை கூடிய டப்பா, அதே மொட்டை. கடைசியில் படித்தவர்கள் கூடி, இந்த மண் செத்த மண், இதில் எதுவும் வளராது என்று ரிப்போர்ட் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

அந்த ரிப்போர்ட்டைத் தோட்டப் பிரிவுக்குப் புதிதாக வந்த ஜெயராமன் தன் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து இன்னொருவருக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். கோயம்புத்தூரில் விவசாயம் படித்துவிட்டு வந்த இளவட்டம். எதிரே புல்தரையில் களை பிடுங்கிக்கொண்டிருந்த சாமியம்மாள், "இதில் எதுவும் வளராது" என்ற இடம் வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள்.

"என்னம்மா சிரிப்பு?" என்றார் ஜெயராமன்.

"ஒண்ணுமில்லீங்க ஐயா. இங்கயும் அதே மண்ணுதானுங்களே. எதுவும் வளராத மண்ணுன்னா, எனக்கு எதுக்குங்க கூலி குடுக்கறாங்க?"

பக்கத்தில் இருந்தவளுக்குக் கை நின்றுவிட்டது. ஆபீசர் முன்னால் இப்படியா பேசுவது? ஆனால் ஜெயராமனுக்குக் கோபம் வரவில்லை. காகிதத்தை மடித்துவிட்டு இறங்கி வந்து அவள் எதிரே குந்தினார். ஆபீசர் ஒருவர் குந்தி அவள் பார்த்ததே இல்லை.

"உன்னால பிடுங்கவே முடியாத செடி எதும்மா?"

இதற்கு அவள் யோசிக்கவே இல்லை. ஆறு வருஷத்துக் கொப்புளம் பதில் சொன்னது. "கொழுஞ்சிங்க. அத்த நாங்க மாமியான்னுதான் சொல்லுவோம். புடிச்சி இழுத்தா கையில தழைதான் வரும், வேரு கீழ குந்திகினு சிரிக்கும். அடுத்தது ஆவாரை. அப்புறம் இந்தப் பாழாப்போன ஊசிப்புல்லு. சீலையெல்லாம் ஒட்டிகினு வூடு வரைக்கும் கூட வந்துடும்."

ஜெயராமன் மூன்றையும் எழுதிக்கொண்டார். அவள் எதை அதிகம் திட்டினாளோ அதற்கு முதலிடம். "பிடுங்க வராத வேருதான் மேட்டு மண்ணைப் பிடிச்சு நிறுத்தும். இந்தச் செடிங்களோட விதை மூட்டை கணக்குல வேணும். இந்த மாதிரி விதை எந்தக் கடையிலயும் கிடைக்காது. நீ சேர்த்துக் குடு. ஒரு மழைக்காலம் மேடு சரியாம நின்னா, உன்னை பர்மனென்ட் பண்ணச் சொல்லி நானே எழுதறேன்" என்றார்.

அன்று மத்தியானம் சோற்று வேளையில் செசிலியா விழுந்து விழுந்து சிரித்தாள். செசிலியாதான் கூட்டத்தில் சின்னவள், வாய் மட்டும் பெரிசு. "யக்கா, ஆறு வருசமா மாமியாளத் திட்டிகினு இருந்த. இப்ப அவ புள்ளைங்களப் பொறுக்கி வளக்கப் போறியா? மாதாவே, இந்தக் கூத்த எங்க போயி சொல்ல!"

"சிரிடி சிரி. நாளைக்கு நீயும்தான் வரப்போற" என்றாள் சாமியம்மாள். அதுவும் நடந்தது.

தை மாசம். கொழுஞ்சி காய் முற்றிக் காய்கிற நேரம். அது லேசுப்பட்ட காய் இல்லை. வெயில் ஏறினால் முறுக்கிக்கொண்டு படக்கென்று வெடித்து விதையை விசிறிவிடும், அப்புறம் மண்ணைத்தான் பொறுக்க வேண்டும். பனி ஈரம் காயுமுன்னே பறிக்க வேண்டும். பன்னிரண்டு பேரும் விடிந்தும் விடியாததுமாக ரயில் பாதை ஓரத்திலும், வீடு கட்டாமல் கிடந்த பிளாக்குகளிலும் காய் பறித்தார்கள். பறித்ததைப் பழைய சீலையில் பரப்பி, மேலே இன்னொரு சீலை போர்த்திக் காய வைப்பார்கள். உள்ளே காய்கள் வெடிக்கிற சத்தம் பொரி வறுக்கிற மாதிரி கேட்கும். எட்டு மணி அடித்தால் பங்களாக்களுக்குப் போய், எந்தச் செடிக்கு விதை சேர்த்தார்களோ அதே செடியைப் பிடுங்குவார்கள். காலையில் விதை, பகலில் களை. இதில் சிரிக்கவும் நேரம் இல்லை, கூலி பகல் வேலைக்கு மட்டும்தான்.

மாசிக்குள் நாலு மூட்டை சேர்ந்தது. தலையில் சுமந்து தோட்டப் பிரிவு ஆபீசுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஹெட் கிளார்க் குஞ்சிதபாதம் இருந்தார். விதி இல்லாமல் மூச்சுகூட விடாத மனுஷர்.

"என்ன இது?"

"வெதைங்க. கொழுஞ்சி, ஆவாரை, ஊசிப்புல்லு."

குஞ்சிதபாதம் தடித்த புத்தகம் ஒன்றைப் புரட்டினார். நெல் விதை இருந்தது, ரோஜாப் பதியன் இருந்தது, வெளிநாட்டுப் புல்விதை இருந்தது. "களை விதையை உள்ளே எடுக்க விதி இல்லையே. களையை வெளியே எடுக்கத்தான் விதி இருக்கு" என்றார். ஜெயராமன் வந்து மன்றாடினார். கடைசியில் குஞ்சிதபாதம் மனம் இரங்கி, "மாட்டுத் தீவனம், பலவகை, நாலு மூட்டை" என்று பதிந்துகொண்டார். பலன், பத்தே நாளில் கெஸ்ட் ஹவுஸ் மாடுகளுக்கு என்று இரண்டு மூட்டையை ஆள் வந்து தூக்கிப் போய்விட்டான். நல்ல வேளை, மாடுகள் முகர்ந்து பார்த்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டன. 'தரம் குறைந்த தீவனம்' என்று ஒரு புகார்க் கடிதத்தோடு மூட்டைகள் திரும்பி வந்தன.

அதோடு விட்டதா? முளைப்புச் சோதனை பண்ண வேண்டும் என்றார்கள். ஈரமான மையொற்றுத் தாளில் நூறு கொழுஞ்சி விதையை வரிசையாக வைத்தார் ஜெயராமன். பத்து நாள் ஆயிற்று, பதினைந்து நாள் ஆயிற்று. நூற்றில் ஒன்றுகூட முளைக்கவில்லை. டப்பாப் புல்லாவது கிளம்பிவிட்டுச் செத்தது, இது கிளம்பவே இல்லை. குஞ்சிதபாதத்துக்கு முகமெல்லாம் பூரிப்பு. சாமியம்மாளைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். இத்தோடு போச்சு பர்மனென்ட் என்று நினைத்தாள். பிறகுதான் தாளை உற்றுப் பார்த்தாள்.

"ஐயா, இத்த அப்படியேவா வெச்சீங்க?"

"வேற எப்படி வைக்கணும்?"

"மணலு போட்டுக் குத்தாமலா? அதுக்குத் தோலு தடிப்புங்க. நஞ்சைக்குத் தழை உரமா இத்த வெதைக்கறவங்க எல்லாரும் ஒரல்ல மணலோட போட்டு, ஒடையாம பதமா நாலு குத்து குத்துவாங்க. அப்பதான் தண்ணி உள்ள போவும். இது எல்லாருக்கும் தெரியுமேன்னு நான் சொல்லல."

கோயம்புத்தூர்ப் படிப்பு அன்றைக்கு உரலைத் தேடி அலைந்தது. குத்திய விதை ஐந்தாம் நாள் நூற்றுக்கு எழுபத்தெட்டு முளைத்தது. ஜெயராமன் சின்னப் பிள்ளை மாதிரி தாளைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ் முழுக்கக் காட்டினார். "தீவனம் முளைச்சிருக்கு" என்றார் குஞ்சிதபாதம், அவர் பதிவின்படி சரியாக.

ஆடிக் கடைசித் தூறலில் மேட்டுக்குக் குறுக்கே கோடு கீறி, விதையைச் சாணக் கரைசலில் புரட்டி விதைத்தார்கள். தேங்காய் உடைக்கவில்லை, போட்டோவும் எடுக்கவில்லை. ஐப்பசிக்குள் மேடு கணுக்கால் உயரத்துக்குப் பச்சையாகிவிட்டது. அப்புறம் வந்தது மழை. மூன்று நாள் விடாமல் அடித்த மழை. நாலாம் நாள் காலையில் சாமியம்மாள் தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு மந்தாரக்குப்பத்திலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்து அந்த ரோட்டில் நின்றாள். ஆறரைக்கு வர வேண்டிய ஷிப்ட் பஸ் ஆறரைக்கே வந்தது. டிரைவர் அவள் மேல் தண்ணீரை வாரி அடித்துவிட்டு ஹாரன் கொடுத்துப் போனார். ரோட்டில் வெறும் தண்ணீர்தான், ஒரு கூடைச் சேறு இல்லை. அவள் அங்கேயே நின்று அழுதாள். பஸ் நேரத்துக்கு வந்ததற்காக அழுத ஒரே மனுஷி நெய்வேலியில் அவளாகத்தான் இருப்பாள்.

ஜெயராமன் சொன்ன சொல் தவறவில்லை. பர்மனென்ட் பண்ணச் சொல்லி எழுதினார். 'விதை சேகரிப்பவர்' என்று எழுதினார். அப்படி ஒரு வேலையே பட்டியலில் இல்லை என்று அடித்தார்கள். பட்டியலில் இருந்தது 'களை எடுப்பவர்'. சரி, அதையே போடுங்கள் என்றார். காகிதம் ஒவ்வொரு மேஜையாக ஏறி இறங்கத் தொடங்கியது. அது ஊர்கோலம் முடித்து வருவதற்குள் ஜெயராமனுக்கு வேறு ஊருக்கு மாற்றல் ஆகிவிட்டது.

அவர் இடத்துக்கு வந்த கருப்பசாமி ஒழுங்கான மனுஷர். செடித் தொட்டிக்குக் காவி அடிப்பார், பாதைக் கல்லுக்குச் சுண்ணாம்பு அடிப்பார், வேலியைக் கயிறு பிடித்து வெட்டச் சொல்வார். மேட்டைப் பார்த்ததும் அவருக்கு நெஞ்சு அடைத்தது. "என்னய்யா இது, காடு மாதிரி?"

குஞ்சிதபாதம் ஃபைலைப் பிரித்தார். மேட்டில் விதைத்ததாகப் பதிவில் இருந்தது வெளிநாட்டுப் புல், இரண்டு தடவை. கொழுஞ்சி என்ற பேரே எங்கேயும் இல்லை. தீவனம் நாலு மூட்டை மட்டும் இருந்தது, அது மாட்டுக்கு. எனவே, மழையில் மேட்டைத் தாங்கி நின்றது வெளிநாட்டுப் புல். அந்தப் புல்லை இப்போது களை மூடி அமுக்கிவிட்டது. காகிதத்தை வைத்துப் பார்த்தால் வேறு எந்த முடிவுக்கும் வர முடியாது, கருப்பசாமியைக் குற்றம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

பங்குனியில் சாமியம்மாளுக்கு ஆர்டர் வந்தது. டாக்டர் நாக்கையும் பல்லையும் பார்த்து, வயசு முப்பத்தொன்பது என்று எழுதினார். ஆறு மாசம் தகுதிகாண் காலம், அதில் பேர் கெடாமல் இருந்தால் அப்புறம் ஐம்பத்தெட்டு வயசு வரை யாரும் அசைக்க முடியாது என்று படித்துச் சொன்னார் குஞ்சிதபாதம். அவள் காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதே மூச்சில் முதல் வேலையையும் சொன்னார்கள். சித்திரையில் டெல்லியிலிருந்து பெரிய அதிகாரி வருகிறார். அதற்குள் மேட்டுக் களையைச் சுத்தமாக எடுக்க வேண்டும். கான்ட்ராக்ட் பெண்கள் பதினோரு பேரும் அவள் கீழே வேலை செய்வார்கள்.

"ஐயா, அது களை இல்லீங்க. நாங்க வெதச்சதுங்க" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"எங்கே விதைச்சே? பதிவு காட்டு" என்றார் குஞ்சிதபாதம்.

கருப்பசாமி அவளைப் பார்த்தார். "வேலை செய்ய இஷ்டம் இல்லைன்னா இப்பவே சொல்லிடும்மா."

அவள் வெளியே வந்தாள். அந்த இரண்டு பேர் மேலும் கோபம், விதைத்ததை எங்கேயும் எழுதி வைக்காமல் போன ஜெயராமன் மேலும் கோபம், எல்லாவற்றையும்விட அந்தக் காகிதத்தை இடுப்பில் பத்திரமாகச் செருகிக்கொண்ட தன் கை மேல் கோபம்.

"யக்கா, நீயேவா புடுங்கப் போற?" என்றாள் செசிலியா. இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"நான் புடுங்கலன்னா என் எடத்துல குந்திகினு வேற எவளாச்சும் புடுங்குவா. வாடி."

போனார்கள். பிடித்து இழுத்தார்கள். பங்குனி வெயிலில் இறுகிக் கிடந்த மண்ணில் ஒரு செடியாவது வேரோடு வரட்டுமே! இலைதான் உருவிக்கொண்டு வந்தது, கைத்தோலும் கூடவே உரிந்தது. தானே பொறுக்கி எடுத்த ஜாதியாயிற்றே, அவளை மட்டும் விட்டுவிடுமா? காய்கள் முற்றிய பருவம் வேறு. இவர்கள் கால் பட்ட இடமெல்லாம் படபடவென்று வெடித்து விதை சிதறியது. நாலு நாள் போராடியும் கால் காணி ஆகவில்லை. கருப்பசாமி வந்து பார்த்துவிட்டு, "வேர் இருந்தா இருக்கட்டும், தரையோடு தரையா அறுத்துவிடுங்க. பார்வைக்குச் சுத்தமா இருந்தா போதும்" என்றார். அரிவாள் வாங்கி அறுத்தார்கள். மேடு பளிச்சென்று ஆயிற்று. டெல்லி அதிகாரி ஜீப்பை விட்டு இறங்காமலே மேட்டின் உயரம் எத்தனை அடி என்று கேட்டார், இளநீர் குடித்தார், போய்விட்டார்.

ஆடி மழை விழுந்தது. அறுத்த ஒவ்வொரு கட்டையிலிருந்தும் நாலு கிளை, ஐந்து கிளை. சிதறிய விதை வேறு இடுக்கெல்லாம் முளைத்தது. போன வருஷம் கணுக்கால் உயரம் இருந்த இடத்தில் இப்போது முழங்கால் உயரம். கருப்பசாமி அவளை ஆபீசுக்குக் கூப்பிட்டு விட்டார். தகுதிகாண் காலம் முடிய இன்னும் ஒன்றரை மாசம் இருந்தது.

"களை எடுக்கிற ஆளுன்னு உன்னைப் போட்டா, களையை வளர்த்து வெச்சிருக்கியா? இதை எழுதி மேலே அனுப்பினா உன் வேலை நிக்குமா?"

அழுதால் வேலை போய்விடும் என்று சாமியம்மாளுக்குத் தோன்றியது. உண்மையைச் சொன்னால் அதைவிடச் சீக்கிரம் போய்விடும். ஜன்னல் வழியாக மேடு தெரிந்தது. அதன் அடியில் ஷிப்ட் பஸ் ஒன்று நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"ஐயா, இந்தக் களை லேசுப்பட்டது இல்லீங்க. நானு ஒருத்தி பர்மனென்ட்டு. மத்ததுங்க கான்ட்ராக்ட்டுக்கு இன்னிக்கி வரும், நாளைக்கி வராது. தெரிஞ்ச கையி வருசம் முச்சூடும் இதுலயே கெடந்தா ஒழிச்சிப்புடலாம். இன்னும் பதினோரு பேர பர்மனென்ட்டா போட்டுக் குடுங்க. அப்பவும் ஒழியலன்னா என்னிய வீட்டுக்கு அனுப்பிச்சிடுங்க."

கருப்பசாமி ஹெட் கிளார்க்கைப் பார்த்தார். குஞ்சிதபாதத்தின் முகத்தில் அபூர்வமாக ஒரு வெளிச்சம். "களை எடுக்கறதுக்கு விதி இருக்கு சார். எத்தனை பேர் வேணும்னாலும் கேட்கலாம். ஒண்ணே ஒண்ணு, பத்து வருஷத்துக்கு மேல நீடிக்கிற வேலைன்னாதான் பர்மனென்ட் ஆள் தருவாங்க. வருஷத்தை எழுதணும்." ஃபாரம் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தார்.

"ஏம்மா, நல்லா யோசிச்சுச் சொல்லு. இதை அடியோட ஒழிக்க எத்தனை வருஷம் ஆகும்?" என்றார் கருப்பசாமி.

சாமியம்மாள் விரலை மடக்கினாள். தனக்கு இப்போது முப்பத்தொன்பது. ஐம்பத்தெட்டுக்கு இன்னும் பத்தொன்பது. சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். கூட்டத்தில் சின்னவள் செசிலியாவுக்கு இருபத்தாறுதான் நடக்கிறது. மறுபடியும் முதலிலிருந்து விரலை மடக்கினாள்.

"முப்பத்திரண்டு வருசம் ஆவுங்க" என்றாள்.

"அவ்வளவா?"

"அதுக்கு ஒரு நாளு முன்னாடி ஒழியாதுங்க ஐயா."

குஞ்சிதபாதம் தலையை ஆட்டிக்கொண்டே அந்தக் கட்டத்தில் முப்பத்திரண்டு என்று எண்ணாலும் எழுத்தாலும் எழுதினார்.